மைசூர்ப் பட்டறையில் தீயில்லா உலை

வெளியூரில் பிழைக்க வந்த தமிழனுக்குத் தமிழ் பேசும் மருத்துவர் ஒருவரும் தமிழ் பேசும் மெக்கானிக் ஒருவரும் இன்றியமையாதவர் என்று என் நண்பர் ஒருவர் அடிக்கடி சொல்வதுண்டு. உடம்பின் கோளாற்றையும் வண்டியின் கோளாற்றையும் பிற மொழியில் விளக்க வராது என்பது அவர் கட்சி. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டு மைசூரில் காலம் கழிக்கும் நான் இக்கருத்தை ஒப்புக்கொள்ளலாகாது. ஆயினும் என்னுடைய பழைய எஸ்டி மோட்டார் சைக்கிள் என்னை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டது.

அந்த வண்டி இவ்வூரிலேயே பிறந்தது. மைசூர் யாதவகிரியில் இருந்த ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961 முதல் முதலில் ஜாவா என்றும் பின்னர் எஸ்டி என்றும் பெயரிட்டு மோட்டார் சைக்கிள்களைச் செய்துவந்தது, 1996-இல் மூடப்பெற்றது. தொழிற்சாலை மறைந்தும் வண்டிகள் மறையவில்லை. அவற்றைப் பேணுவோரும் பழுது பார்ப்போரும் இந்நகரில் இன்றும் பலர் உளர். என் வண்டியின் பின்புற ஷாக் அப்சார்பரைச் சட்டத்தோடு பிணைக்கும் நட்டு ஒன்று துருவேறி இறுகிவிட்டது. முதலில் நான் சென்ற பட்டறையில், பெயர் வேண்டாம், காஸ் வெல்டிங் சுடரைக் காட்டினார்கள். நட்டு அசையவில்லை, அதன் அருகிலிருந்த ரப்பர் புஷ் உருகிப் புகைந்தது, சட்டத்தின் வண்ணப்பூச்சு கொப்புளித்து உரிந்தது. சுடருக்கு நட்டு இது, ரப்பர் இது என்று பிரித்தறியத் தெரியாதல்லவா?

அதன் பிறகே தமிழ் பேசும் மேஸ்திரி ஒருவரை நாடினேன். அவர் முப்பாட்டனார் தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்தவராம். மேஸ்திரி வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். கருகிய இடத்தைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டினார். பிறகு பெட்டியிலிருந்து ஒரு கருவியை எடுத்தார். துளையிடும் கைக்கருவி அளவே இருந்தது. பின்னால் மின்கம்பி, முன்னால் வெண்ணிற உறை போர்த்திய கம்பிச்சுருள் ஒன்று, குழந்தையின் கைவளை போல. அவ்வளையத்தை நட்டைத் தொடாமல் அதன்மேல் நிறுத்திப் பொத்தானை அழுத்தினார். சுடர் இல்லை, ஓசையும் பெரிதாக இல்லை. அரை நிமிடத்துக்குள் நட்டு மட்டும் மங்கிய செந்நிறமாயிற்று. ஒரு சாண் தள்ளியிருந்த சட்டத்தை நான் தொட்டுப் பார்த்தேன். வெயிலில் நின்ற வண்டியின் சூடுதான் அதில் இருந்தது.

தூண்டல் வெப்பமூட்டி என்று இக்கருவியைத் தமிழில் சொல்லலாம். இது மேல்நாட்டிலிருந்து வந்து இறங்கிய புதுமை என்றே முதலில் எனக்குத் தோன்றியது. ஆனால் இதன் வரலாற்றைத் துருவிச் செல்லுகையில், அது மைசூர்ச் சீமையை இரண்டு முறை தொட்டுச் செல்வதைக் கண்டேன். அதைச் சொல்லவே இப்பேச்சு.

இரும்பைச் சூடாக்கிப் பணிகொள்ளும் கலை நமக்குப் பழையது. சேலம் மாவட்டத்து எங்கள் ஊரில், சிறுவனாக இருந்தபோது, மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை ஏற்றுவதைக் கண்டிருக்கிறேன். பட்டையைத் தரையில் கிடத்தி, சுற்றிலும் வறட்டியை அடுக்கித் தீ மூட்டுவார்கள். ஒன்றேகால் மீட்டர் குறுக்களவுள்ள பட்டையின் சூடு நானூறு பாகை ஏறினால், அதன் சுற்றளவு ஏறக்குறைய முக்கால் அங்குலம் நீளும். நீண்ட பட்டையை நால்வர் குறட்டால் தூக்கி மரச்சக்கரத்தின்மேல் இறக்கியவுடன், மரம் பற்றி எரியுமுன் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டை சுருங்கிச் சக்கரத்தை இறுகப் பற்றிக்கொள்ளும்; ஆணியின் உதவி பெரிதாக வேண்டியதில்லை. எப்போது தூக்க வேண்டும் என்பதைச் சொல்வது கொல்லரின் கண். நிழலில் பார்த்தால் ஒரு நிறம், வெயிலில் பார்த்தால் வேறு நிறம். ஆதலால் உலைக்களம் எப்போதும் இருண்டே இருக்கும்.

இதே வித்தையைப் பெரிய அளவில் செய்தவை ரயில் பட்டறைகள். நீராவி எஞ்சினின் சக்கரத்துக்கு எஃகுப் பட்டையைத் தனியே கடைந்து, சக்கரத்தின் குறுக்களவில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு குறைவாக வைத்து, சுற்றிலும் வாயுச் சுடர் கொளுத்திச் சூடேற்றி மாட்டுவார்கள். ஒரு மீட்டர் குறுக்களவுக்கு ஒரு மில்லிமீட்டர் குறைவு. இருநூற்றைம்பது பாகை சூடேறினால் மூன்று மில்லிமீட்டர் விரிவு. கணக்கு அவ்வளவே. மைசூர் ரயில் நிலையத்தை அடுத்து 1979-இல் திறக்கப்பெற்ற ரயில் அருங்காட்சியகத்துக்குச் செல்லும் நேயர்கள், அங்கு நிற்கும் பழைய எஞ்சின்களின் சக்கரங்களை உற்று நோக்கினால் பட்டையும் சக்கரமும் கூடும் வட்டக் கோட்டைக் காணலாம். என் மகள் அதைப் பெயின்ட் விரிசல் என்றாள்.

இத்தனைக்கும் அடிப்படையான எஃகில் மைசூர்ச் சீமையின் பங்கு சிறிதன்று. கி.பி. 1800, 1801-ஆம் ஆண்டுகளில் மைசூர், கன்னடக் கரை, மலையாளம் ஆகிய நாடுகளில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், இப்பகுதியில் இரும்பு உருக்குவோரையும் எஃகு செய்வோரையும் நேரில் கண்டு, அவர்தம் உலைகளின் அமைப்பை விரிவாக எழுதிவைத்தார். அந்நூல் 1807-இல் வெளிவந்தது. சென்னபட்டணத்தில் இசைக்கருவிகளுக்கான எஃகுத் தந்தி இழுக்கப்பட்டதையும் அவர் குறித்துள்ளார். சேலம் பகுதியிலும் இத்தொழில் இருந்தது. சிறிய களிமண் மூசையில் இரும்புத் துண்டை இட்டு, ஆவாரை விறகின் துணுக்குகளைச் சேர்த்து, எருக்கிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்துவிடுவர். இத்தகைய மூசைகள் இருபதுக்கு மேற்பட்டவற்றை ஒரே உலையில் அடுக்கித் துருத்தி ஊதுவர். உள்ளே அடைபட்ட ஆவாரையின் கரி இரும்போடு கலந்து எஃகாகும். ஆவாரையையும் எருக்கையும் பூவுக்காகவும் மருந்துக்காகவும் அறிந்த நமக்கு, அவை உலகம் வியந்த எஃகின் உள்ளே கரைந்துபோயின என்பது சற்றே வியப்பைத் தரும். கன்னடத்தில் ‘உக்கு’, தமிழில் ‘உருக்கு’ எனப்பெறும் அப்பொருளை ஆங்கிலேயர் ‘வூட்ஸ்’ என்றனர். அச்சொல் ‘உக்கு’ என்பதன் திரிபு எனப் பலரும் கொள்வர். எழுத்துப் பெயர்ப்பில் நேர்ந்த பிழையால் ஒரு சொல் உலகப் புகழ் பெற்றது என்றால், மொழிபெயர்ப்பாளர்களாகிய எங்களுக்கு அதில் ஓர் ஆறுதல் உண்டு.

பம்பாயிலிருந்து ஹெலனஸ் ஸ்காட் என்னும் மருத்துவர் 1794-இல் இவ்வெஃகின் கட்டிகளை லண்டனுக்கு அனுப்பினார். ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பாங்க்ஸ் அவற்றை அறிஞர்களிடம் ஆராயக் கொடுத்தார். அறிஞர்களும் கத்தி செய்வோரும் அதன் கூர்மையைப் போற்றினர். ஆனால் காரணம் புலப்படவில்லை. இந்த ஆராய்ச்சியில் பின்னர் இறங்கியவர்களுள் ஓர் இளைஞர், ஏழைக் கொல்லர் ஒருவரின் மகன். புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகி, அங்கே கட்ட வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியல் கற்றவர். அவரே மைக்கேல் பாரடே.

பாரடே 1819-இல் வூட்ஸ் எஃகைப் பகுத்தாராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். பிறகு ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்னும் கத்தி செய்வோருடன் சேர்ந்து, அத்தகைய எஃகைத் தாமே செய்ய முயன்று, இரும்போடு வெள்ளி, பிளாட்டினம் முதலியவற்றைக் கலந்து பார்த்தார். நம் நாட்டு எஃகின் சிறப்புக்கு அதிலுள்ள அலுமினியமே காரணம் என்று கருதிய அவர் முடிவு தவறானது. காரணம் அதிலுள்ள கரியின் அளவும், அது மெல்லக் குளிர்ந்து படியும் முறையுமே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பேரறிஞரும் பிழைபடுவர், ஆனால் ஆவாரை விறகிட்ட கொல்லர் பிழைபடவில்லை. அவருக்குக் காரணம் தெரியாது, அளவு தெரியும்.

இதே பாரடேதான் 1831 ஆகஸ்டு 29-ஆம் நாள் ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கங்களிலும் தனித்தனியே கம்பிச்சுருள் சுற்றி, ஒன்றில் மின்சாரத்தை விடும்போதும் நிறுத்தும்போதும் மற்றொன்றில் தொடர்பின்றியே மின்னோட்டம் எழக் கண்டார். மின்காந்தத் தூண்டல் அது. நம் எஃகை ஆராய்ந்ததால்தான் அவர் இதைக் கண்டார் என்று சொல்வது பெருமைக்காகப் பொய் சொல்வதாகும். இரண்டும் வேறு வேறு ஆராய்ச்சிகள். ஆனால் தென்னாட்டு உலையில் பெயர் தெரியாத ஒருவர் வடித்த எஃகும், தீயின்றி இரும்பைச் சுடவைக்கும் நெறியும் ஒரே மனிதரின் கைவழிச் சென்றன என்பது மெய். மைசூர்ச் சீமையைத் தொட்டதாக நான் சொன்ன முதல் தொடர்பு இதுவே.

தூண்டல் என்னும் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நம் முன்னோர் விளக்கைத் தூண்டினர். அதற்கெனத் தூண்டுகோல் இருந்தது. எண்ணெயும் திரியும் விளக்கினுடையவை. தூண்டுவது மட்டும் வெளியிலிருந்து. இக்கருத்துக்கு இதனினும் பொருந்திய சொல் கிடைப்பது அரிது. கன்னட நூல்களில் இதனைப் ‘பிரேரணை’ என்பர். தமிழில் பிரேரணை என்றால் சபையில் கொண்டுவரும் தீர்மானம். ஒருமுறை இச்சொல்லை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்து, இரும்பு தீர்மானம் கொண்டுவந்ததாக எழுத இருந்தேன்.

இனி, வளையம் நட்டைச் சுடவைக்கும் முறையைக் காண்போம். கருவியின் சுருளில் ஓடும் மின்னோட்டம் நொடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறுகிறது. அதனோடு சுருளின் காந்தப்புலமும் மாறுகிறது. இம்மாற்றம் நட்டின் உடம்பிலேயே சிறு சிறு சுழல் மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. நீரோட்டத்தில் சுழி எழுவது போல என்று கொள்ளலாம். இரும்பு மின்சாரத்தை எளிதில் விடாது, தடுக்கும், அத்தடையே சூடாகிறது. ஆகவே வெப்பம் வெளியிலிருந்து உள்ளே போவதில்லை, நட்டிலேயே பிறக்கிறது. ரப்பரிலும் மரத்திலும் மின்சாரம் ஓடாதாதலால் அவை தாமாகச் சூடாவதில்லை. அலுமினியத்தில் மின்சாரம் எளிதில் ஓடுமாதலாலும் அது காந்தத்துக்கு இழுபடாதாதலாலும் மிகக் குறைவாகவே சூடாகும். இரும்புக்கும் ஓர் எல்லை உண்டு: 770 பாகையளவில் அது தன் காந்தத் தன்மையை இழந்துவிடும், அதன் பிறகு சூடேறும் வேகம் தளரும். சூடேறிய நட்டு மிகச் சிறிதே விரிகிறது. இருபது மில்லிமீட்டர் நட்டு அறுநூறு பாகை ஏறினால் ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு. அச்சிறு விரிவே புரிகளுக்கிடையே கட்டியாக இறுகிய துருவை நொறுக்கப் போதுமானது.

லெயான் பூக்கோ என்னும் பிரெஞ்சு அறிஞர் 1855-இல் காந்தத்தின் இடையே சுழலும் தாமிரத் தட்டு சூடாவதைக் காட்டினார். மின்பொறிகளைச் செய்வோருக்கு அச்சூடு நெடுங்காலம் ஒரு தொல்லையாகவே இருந்தது. அதைக் குறைக்கவே அவர்கள் இரும்பைத் தகடு தகடாக அடுக்கினர். தொல்லையையே தொழிலாக்க எண்ணிய பெராண்டி 1887-இல் இங்கிலாந்தில் தூண்டல் உலைக்கு உரிமை பெற்றார். 1900-இல் சுவீடனில் கெல்லின் என்பவர் அத்தகைய உலையில் எஃகை உருக்கினார். அமெரிக்காவில் நார்த்ரப், இரும்பு நடுக்கட்டை இன்றி உயர் அதிர்வெண்ணில் இயங்கும் உலையை அமைத்தார். 1930-களில் மோட்டார் எஞ்சின்களின் கிராங்க் தண்டுகளை மேற்புறம் மட்டும் கடினமாக்க இம்முறை கையாளப்பட்டது. அதிர்வெண் உயர உயர வெப்பம் இரும்பின் தோலளவிலேயே நிற்கும் என்பதால், உள்ளே நெகிழ்வும் வெளியே கடினமும் ஒரே தண்டில் கிடைத்தன.

அதே காலத்தில் மைசூர் நாட்டில் என்ன நடந்தது? 1902-இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவுக்கு மின்சாரம் கம்பிவழிச் சென்றது. சென்ற இடம் கோலார் தங்கவயல். வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் குடிபெயர்ந்தோர் பூமிக்கடியில் உழைத்த இடம் அது; 2001-இல் அச்சுரங்கங்கள் மூடப்படும் வரை அவர்கள் தலைமுறைகள் அங்கேயே உழைத்தன. 1923-இல் பத்திராவதியில் மைசூர் அரசின் இரும்பு ஆலை வேலையைத் தொடங்கியது. விசுவேசுவரய்யா அதன் பொறுப்பை ஏற்றார். அவ்வுலைக்கு உணவு மலைநாட்டுக் காட்டின் மரக்கரி. 1950-களில் அங்கே மின்சாரத்தால் இயங்கும் உலைகள் வந்தன. அவை கரிமுனை வழியே மின்சாரம் பாய்ச்சுபவை. தூண்டல் உலைகள் அல்ல. ஆயினும் காடு எரிந்து கொடுத்த சூட்டை அருவி விழுந்து கொடுக்கலாயிற்று.

வானொலி நேயர்களுக்கு உரிய செய்தி ஒன்றும் உண்டு. உயர் அதிர்வெண் மின்னோட்டத்தை உண்டாக்கப் பயன்பட்ட வால்வுகள், ஒலிபரப்பு நிலையங்களின் வால்வுகளுக்கு உடன்பிறந்தவை. அஞ்சல் வழி வேறு, ஊர் வேறு என்பது போல, ஒன்றின் அலை வானில் சென்று பாட்டாயிற்று. மற்றொன்றின் அலை சுருளுக்குள் நின்று சூடாயிற்று. வால்வுகளைச் செய்யும் வேலையிலும் இம்முறை இன்றியமையாதது. கண்ணாடிக் குமிழை வெற்றிடமாக்கி மூடிய பின், உள்ளே எஞ்சிய காற்றை உறிஞ்சும் பொருளைச் சூடாக்க வேண்டும். தீயைக் காட்டினால் கண்ணாடி உடையும். ஆதலால் வெளியே சுருளைப் பிடித்து உள்ளிருக்கும் உலோகத்தை மட்டும் செந்தணலாக்கினர். பழைய வானொலிப் பெட்டியின் வால்வு முனையில் கண்ணாடிபோல் பளபளக்கும் பூச்சு அவ்வேலையின் அடையாளம். மைசூரில் 1935-இல் உளவியல் பேராசிரியர் கோபாலசாமி தம் வீட்டில் தொடங்கி ‘ஆகாசவாணி’ என்று பெயர் சூட்டிய நிலையத்துப் பாட்டைக் கேட்ட பெட்டிகளிலும் இந்த வால்வுகளே எரிந்தன.

வால்வு வைத்த வெப்பமூட்டி பீரோ அளவு இருந்தது. அதைக் கையில் பிடிக்கும் அளவுக்குச் சுருக்க, பெரிய மின்னோட்டத்தைச் சிறு சைகையால் நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடும் டிரான்சிஸ்டர் வேண்டியிருந்தது. மைசூர்ச் சீமையோடு இரண்டாவது தொடர்பு இங்கே வருகிறது. 1948-இல் சென்னையில் பிறந்து, பெங்களூரில் பள்ளிப் படிப்பு முடித்து, 1969-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்றவர் ஜெயந்த் பாலிகா. அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றுகையில், 1980-களின் தொடக்கத்தில், ஐ.ஜி.பி.டி. எனச் சுருங்க வழங்கும் டிரான்சிஸ்டரை அவர் உருவாக்கினார். அதற்காக 2024-இல் பின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. நம் சமையலறைத் தூண்டல் அடுப்புக்குள்ளும், ஓடும் மின்ரயிலுக்குள்ளும், இத்தகைய வெப்பமூட்டிகள் பலவற்றுக்குள்ளும் இயங்குவது அவ்வகை டிரான்சிஸ்டரே. ஒரு கிலோவாட் அளவு ஆற்றலைக் கைப்பிடிக்குள் அடக்கியது அது.

கருவி வந்ததால் கண்ணின் வேலை போய்விட்டதா என்று மேஸ்திரியைக் கேட்டேன். அவர் சிரித்தார். “சார், இதுக்கு எப்ப நிறுத்தணும்னு தெரியாது. அது நாம சொல்லணும்” என்றார். பேரிங் என்றால் நூற்றுப்பத்துப் பாகைக்கு மேல் போகலாகாது. போனால் அதன் கடினம் கெடும். அங்கே நிறமே தோன்றாது. வெப்பமானியை வைத்தே பார்க்க வேண்டும். மெருகிட்ட எஃகு வைக்கோல் நிறம் கொண்டால் இருநூற்று இருபது, நீலம் கண்டால் முந்நூறு. நீலம் கண்ட ஸ்பிரிங்கை நம்பக் கூடாது. ஷாக் அப்சார்பரின் எண்ணெய்க் குழாயருகில் வளையத்தைக் கொண்டுபோகலாகாது. துத்தநாகம் பூசிய போல்ட்டைச் சூடாக்கினால் எழும் புகையை மூக்கில் ஏற்கலாகாது. கைவிரல் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட்டே அவர் கருவியைத் தொட்டார். இதயத்தில் மின்கருவி பொருத்திக்கொண்டவர் அருகில் நின்றால் தள்ளிப்போகச் சொல்லுவாராம். மூலையில் காஸ் சிலிண்டரும் இருந்தது. நீண்ட தண்டை வளைக்கவும் அகன்ற தகட்டைச் சூடாக்கவும் அச்சிறு வளையம் போதாது. அதற்குத் தீயே வேண்டும் என்றார்.

நட்டு சிவந்து, பொத்தானை விட்டு, சற்றுக் கறுத்த பிறகே அவர் ஸ்பானரை வைத்தார். ‘கிறீச்’ என்று ஓர் ஓசை. அவ்வளவுதான், நட்டு சுழன்றது. அதைத் துடைத்து மறுபடி போட்டுவிடலாம் அல்லவா என்று நான் சிக்கனம் பேசினேன். “சிவந்த நட்டு இனிமே நட்டு இல்ல சார், பலம் போயிடுச்சு” என்று சொல்லி அதைத் தகர டப்பாவில் எறிந்தார். பையனை அனுப்பிப் புது நட்டும், முதற்பட்டறையில் உருகிப்போன ரப்பர் புஷ்ஷுக்கு ஈடாக இரண்டு புதிய புஷ்ஷும் வாங்கிவரச் செய்தார். கூலியாக அவர் கேட்டதைவிட அந்த இரண்டு புஷ்ஷின் விலை அதிகம்.